டீசலில் கை கழுவிய பன்னிரண்டு வருஷம்

எங்கள் வொர்க்‌ஷாப் வாசலில் பாதியாக வெட்டிய டிரம் ஒன்று கிடக்கும். அதில் எப்போதும் டீசல் இருக்கும். ஷிப்ட் முடிந்து வருகிறவர்கள் முழங்கை வரை அதில் முக்கி எடுப்போம். கச்சா எண்ணெய் கையில் பட்டால் பலாப்பிசின் மாதிரி, வெறும் சோப்புக்கு அசையாது. டீசல் ஒரே நிமிஷத்தில் வழித்துவிடும். அப்புறம் சோப்பு, அப்புறம் சாப்பாடு. சாம்பார் சாதம் பிசையும்போது விரலிடுக்கிலிருந்து லேசாக டீசல் வாடை வரும். முதல் மாசம் குமட்டியது. இரண்டாவது மாசம் அந்த வாடை வருகிறதா இல்லையா என்றே தெரியவில்லை.

எனக்குப் பட்டுக்கோட்டைப் பக்கம். டிப்ளமோ மெக்கானிக்கல் முடித்துவிட்டு 2006-ல் ஓமன் போனேன். ஹைமா என்ற பாலைவன ஊரிலிருந்து வண்டியில் இரண்டு மணி நேரம் போனால் எங்கள் கேம்ப். சுற்றிலும் மணல், தூரத்தில் வேண்டாத வாயுவை எரித்துவிடும் ஃபிளேர் தெரியும், நடுவில் எப்போதாவது ஒட்டகம் கடக்கும். முதல் நாலு வருஷம் கிணறு தோண்டும் ரிக்கில் எடுபிடி வேலை. அதன் பிறகு எட்டு வருஷம் எண்ணெய் சேகரிக்கும் ஸ்டேஷனில் ஃபீல்டு ஆப்பரேட்டர். கம்பெனி மாறியது, கான்ட்ராக்ட் மாறியது, நான் நின்ற இடம் மட்டும் மாறவில்லை.

வேலைக்குச் சேர்ந்த முதல் வாரமே எங்களுக்கு ஊட்டிய பயம் எச்டூஎஸ். ஹைட்ரஜன் சல்ஃபைடு. கூமுட்டை வாடை அடிக்கும் வாயு. இந்தப் பயம் நியாயமானது, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. காற்றைவிடக் கொஞ்சம் கனமானதால் பள்ளத்தில், குழியில், கழிவு எண்ணெய் தேங்கும் சம்ப்பில் போய்ப் படுத்துக்கொள்ளும். பத்து லட்சத்தில் ஒரு பங்கை ஒரு பிபிஎம் என்பார்கள். அதில் நூறில் ஒரு பங்கு இருந்தாலே மூக்குக்குத் தெரிந்துவிடும். ஆனால் 100 பிபிஎம்மைத் தொட்டால் சில நிமிஷத்தில் மூக்கு மரத்துப்போகும். 1000-ஐத் தொட்டால் ஒன்றிரண்டு மூச்சில் ஆள் விழுந்துவிடுவான். கொஞ்சமாக இருக்கும்போது ஊரைக் கூட்டும் வாடை, ஆளைக் கொல்லும் அளவுக்கு வந்ததும் அடங்கிவிடுகிறது.

2011 ஜனவரியில் அதை நேரில் பார்த்தேன். ராத்திரி ஷிப்ட். பாலைவனத்தில் ஜனவரி ராத்திரி நல்ல குளிர், அன்றைக்குக் காற்று துளியும் இல்லை. நானும் ஒரு மலையாளச் சேட்டனும் சம்ப் பக்கம் ஒரு டிரெயின் வால்வைத் திறக்கப் போனோம். அவர் குனிந்து திறந்தார், நான் பத்தடி தள்ளி டார்ச் பிடித்தேன். கூமுட்டை வாடை குப்பென்று வந்தது. கொஞ்ச நேரத்தில் வாடையே இல்லை. ‘போயிடுச்சு சேட்டா’ என்றேன். நெஞ்சில் மாட்டியிருந்த மீட்டர் அப்போதும் அலறிக்கொண்டேதான் இருந்தது. மூக்கு ஒன்று சொல்கிறது, மீட்டர் ஒன்று சொல்கிறது. மூக்கைத்தான் நம்பினேன். சேட்டன் எழுந்திருக்கப் பார்த்தார், முழங்கால் மடங்கி உட்கார்ந்துவிட்டார். நான் அவரை நோக்கி ஓடப் போனபோது பின்னாலிருந்து யாரோ காலரைப் பிடித்து இழுத்தார்கள். எங்கள் ஓமானி சூப்பர்வைசர். கெட்ட வார்த்தையில் திட்டிக்கொண்டே என்னை மேட்டுப் பக்கம் தள்ளினார். சிலிண்டர் மாஸ்க் மாட்டிய இரண்டு பேர் போய்த்தான் சேட்டனைத் தூக்கி வந்தார்கள். பிழைத்துக்கொண்டார். ஒரு வாரம் கண்ணைத் திறக்க முடியாமல் எரிச்சல். எனக்கு மூன்று நாள் தலைவலி.

அன்றைக்கு என் காலரைப் பிடித்து இழுத்த அந்த மனிதருக்கு நான் ஒரு நாள்கூட நன்றி சொன்னதில்லை. திட்டியதற்காகக் கோபமாகத்தான் இருந்தேன்.

இந்த வாயுவில் காப்பாற்றப் போகிறவனும் சேர்ந்துதான் விழுவான். 2019 அக்டோபரில் அமெரிக்காவில், டெக்சாஸின் ஒடெசா ஊரில், எண்ணெய் வயலின் பம்ப் ஹவுசைப் பார்க்கப் போன ஒரு தொழிலாளி திரும்பவில்லை. வீட்டிலிருந்து அவர் மனைவி பிள்ளைகளைக் காரில் வைத்துக்கொண்டு தேடிப் போனார். அவரும் உள்ளே போய் அங்கேயே இறந்துபோனார். காரில் இருந்த பிள்ளைகள் பிழைத்தார்கள். அந்தத் தொழிலாளியின் மீட்டர் அவர் உடம்பில் இல்லை, வண்டியில் இருந்தது. இதைப் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. எங்கள் ஸ்டேஷனிலும் பாதிப் பேரின் மீட்டர் வண்டிக் கண்ணாடியில்தான் தொங்கும். சும்மா சும்மா கத்துகிறது என்று கழற்றி மாட்டிவிடுவார்கள். 2003 டிசம்பரில் சீனாவின் சோங்சிங் பக்கம் ஒரு வாயுக் கிணறு பீறிட்டதில் 243 பேர் செத்தார்கள். பெரும்பாலானவர்கள் சுற்றுக் கிராமத்து மக்கள், கிணற்றில் வேலை பார்த்தவர்கள் அல்ல.

எச்டூஎஸ் உள்ள இடத்துக்குப் போகிறவர்களுக்கு இவ்வளவு சொல்வேன். வண்டியை விட்டு இறங்கியதும் முதலில் கம்பத்தில் பறக்கும் காற்றுப்பையைப் பாருங்கள், காற்று எந்தப் பக்கம் போகிறது என்று. காற்று எங்கிருந்து வருகிறதோ அந்தப் பக்கமாக, மேட்டை நோக்கித்தான் ஓட வேண்டும். வாயு நடுவில் நின்று மறித்தால் முதலில் குறுக்கே விலகி, அப்புறம் காற்று வரும் பக்கமாக. மீட்டரைச் சட்டைப் பைக்குள் போடாதீர்கள், மூக்கிலிருந்து ஒரு சாணுக்குள் கழுத்துப்பட்டையோரம் மாட்டுங்கள். தினமும் டெஸ்ட் வாயு காட்டி அது கத்துகிறதா என்று பாருங்கள். சென்சார் செத்துப்போனாலும் திரையில் பூஜ்யம்தான் தெரியும். வாடை நின்றால் நிம்மதி வேண்டாம், ஓடுங்கள்.

அப்புறம் தாடி. 2013 கார்த்திகையில் கேம்ப்பிலேயே சபரிமலைக்கு மாலை போட்டேன். தாடி வளர்ந்தது. மாஸ்க் பொருந்துகிறதா என்று சோதனை வைத்தார்கள், ஓரமெல்லாம் காற்று ஒழுகியது. சேஃப்டி ஆபீசர் திருநெல்வேலிக்காரர். ‘சாமி, தாடியோட மாஸ்க் நிக்காது சாமி. மலைக்குப் போயிட்டு வந்து எடுத்துக்கோங்க. அதுவரைக்கும் நான் உங்களை டேங்க் மேல ஏத்த மாட்டேன்’ என்றார். எனக்கோ ஓவர்டைம் போகிறதே என்ற கவலை. அவரோடு சண்டை போட்டேன். கேட்கவில்லை. நாற்பத்தெட்டு நாளும் ஸ்டோரில் போல்ட், நட்டு எண்ணிக்கொண்டிருந்தேன்.

அந்த நாற்பத்தெட்டு நாளில் எனக்குத் தலைவலி ஒரு நாள்கூட வரவில்லை. சாயங்காலம் வருகிற கிறுகிறுப்பு இல்லை. பசி நன்றாக எடுத்தது. ஐயப்பன் அருள் என்று நினைத்துக்கொண்டேன். மாலையைக் கழற்றி மறுபடி டேங்க் மேல் ஏறிய இரண்டாம் நாளே தலைவலி திரும்பியது. விரதம் விட்டதால் வந்தது என்று அதற்கும் ஒரு காரணம் வைத்திருந்தேன்.

டேங்க் மேல் என்ன வேலை என்று சொல்லவேண்டும், இல்லாவிட்டால் மீதி புரியாது. தொட்டியில் எவ்வளவு எண்ணெய், அடியில் எவ்வளவு தண்ணீர் என்று அளக்கும் வேலை. ஆட்டோமேட்டிக் கருவி உண்டு. அது பாதி நாள் தகராறு, மீதி நாள் அதன் கணக்கில் நம்பிக்கை இல்லை. ஆகவே ஷிப்டுக்கு மூன்று தடவை ஒருவன் ஏணி ஏறி, கூரையில் இருக்கும் சிறு மூடியைத் திறந்து, பித்தளைக் குண்டு கட்டிய டேப்பை உள்ளே விடுவான். குண்டின் மேல் பல்பசை மாதிரி ஒரு பசை பூசியிருக்கும். தண்ணீர் பட்ட இடம் வரை அந்தப் பழுப்புப் பசை சிவப்பாக மாறும். டேப்பை இழுத்து, எண்ணெய் நனைந்த கோட்டைக் குனிந்து பார்த்து, நம்பரை எழுதி, டேப்பைத் துணியால் துடைத்துச் சுற்ற வேண்டும். கை முழுக்க எண்ணெய்.

மூடியைத் திறந்ததும் ஆவி வெளியே வருவது கண்ணுக்குத் தெரியும். சித்திரை வெயிலில் தார்ரோட்டுக்கு மேல் காற்று நெளியுமே, அந்த மாதிரி நெளியும். லேசாக இனிப்பாக ஒரு வாசனை. கூமுட்டை வாடை இல்லை என்பதால் எங்களுக்கு அது நல்ல வாசனை. இரண்டு நிமிஷம் குனிந்து நின்றால் மெலிதாக ஒரு போதை. ‘மேல போய் ஒரு கட்டிங் போட்டுட்டு வர்றேன்’ என்று சொல்லிவிட்டு ஏணி ஏறுவோம். பாலைவனத்தில் கிடைக்காத சரக்கு அங்கே இலவசமாகக் கிடைத்தது.

அந்த இனிப்பு வாசனையில் பென்சீன் இருந்தது. கச்சா எண்ணெயோடு வரும் ரசாயனம், ரத்தம் உண்டாகும் எலும்பு மஜ்ஜையைக் கெடுப்பது. பென்சீன் மூக்குக்குத் தெரிகிறது என்றாலே அனுமதித்த வரம்பைத் தாண்டிவிட்டது என்று அர்த்தம். நெஞ்சில் மாட்டியிருந்த மீட்டர் எச்டூஎஸ்-க்கு மட்டும் கத்துவது, இதற்கு அது ஊமை. பிற்பாடு நான்கு வாயு மீட்டர் வந்தது. அதுவும் தீப்பிடிக்கிற அளவு ஆவி இருக்கிறதா என்றுதான் பார்க்கும். லேப் கெமிஸ்ட் ஒருவர் ஒரு டீக்கடைக் கணக்கு போட்டுக் காட்டினார். அந்த வகை ஆவி காற்றில் ஒரு சதவீதத்தைச் சற்றுத் தாண்டினாலே எரியும். மீட்டர் கத்துவது அதில் பத்தில் ஒரு பங்கு வந்தால், அதாவது ஆயிரம் பிபிஎம்முக்கு மேல் வந்தால். அந்த ஆயிரத்தில் நூற்றில் ஒரு பங்குதான் பென்சீன் என்று வைத்துக்கொண்டாலும் 10 பிபிஎம் ஆகிறது. அமெரிக்கச் சட்டத்தில் எட்டு மணி நேரச் சராசரிக்கு வரம்பு 1. மீட்டர் வாயே திறக்காதபோது வரம்பைப் போல் ஐந்து மடங்கு, எட்டு மடங்கு மூச்சில் போயிருக்கலாம்.

அந்த வரம்பும் இறங்கிக்கொண்டே வந்த கதைதான். 1971-ல் பென்சீனுக்கென்றே சர்வதேசத் தொழிலாளர் அமைப்பான ஐஎல்ஓ ஓர் உடன்படிக்கை போட்டபோது உச்ச வரம்பு 25 பிபிஎம். 1987-ல் அமெரிக்கா 1 ஆக்கியது. அங்கேயே தொழில் நல ஆராய்ச்சிக்கான அரசு நிறுவனம் 0.1 போதும் என்கிறது. இன்றைக்குப் பாதுகாப்பு என்று நம்பும் நம்பர் நாளைக்கு நிற்குமா என்பது எனக்குச் சந்தேகம்தான். நார்வேயின் கடல் மேடைகளில் வேலை பார்த்த ஆயிரக்கணக்கான ஆண்களைப் பல வருஷம் தொடர்ந்து கவனித்த ஆய்வில், பென்சீன் அதிகம் பட்டவர்களிடம் சில ரத்தப் புற்றுநோய்கள் கூடியிருந்தன. அவர்கள் சுவாசித்தது பெரும்பாலும் குறைந்த அளவுதான்.

டேங்க் மூடியில் உடனடிச் சாவும் உண்டு. அமெரிக்காவில் 2010 முதல் 2014 வரை, இப்படிக் கையால் அளக்கும்போதும் மாதிரி எடுக்கும்போதும் ஒன்பது பேர் இறந்தது தெரியவந்து, 2016-ல் எச்சரிக்கை வெளியிட்டார்கள். மூடியிலிருந்து ஒரே மூச்சாக வரும் ஆவி பிராணவாயுவைத் தள்ளிவிடும், இதயத் துடிப்பையும் குழப்பிவிடும். எங்கள் பக்கத்து ஸ்டேஷனில் ஒருத்தர் டேங்க் மேலேயே சரிந்து கிடந்தார். ஹார்ட் அட்டாக் என்றார்கள். இருக்கலாம். நாற்பது வயசு ஆளுக்கு வருவதுதானே என்று நாங்களும் பேசிக்கொண்டோம்.

எனக்கு நடந்தது 2017 ஐப்பசியில். லீவில் ஊருக்கு வந்திருந்தேன். காய்ச்சல் அடித்தது. அந்த வருஷம் தமிழ்நாடு முழுக்க டெங்கு, வீட்டுக்கு வீடு நிலவேம்புக் கஷாயம். ரத்தம் பார்த்தார்கள். பிளேட்லெட் 72,000. வெள்ளணு 2,900. டெங்குவேதான் என்று அம்மா பப்பாளி இலையை இடித்துச் சாறு கொடுத்தாள். டெங்கு டெஸ்டில் இல்லை என்று வந்தது. காய்ச்சல் விட்டது. மூன்று வாரம் கழித்தும் பிளேட்லெட் ஒரு லட்சத்தைத் தாண்டவில்லை. ஒன்றரை லட்சமாவது இருக்கவேண்டியது.

எங்கள் குடும்ப டாக்டர் வயசானவர். ரிப்போர்ட்டை வைத்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றி, ‘தம்பி, நீ அங்க என்ன வேலை பார்க்குற?’ என்று கேட்டார். ஆயில் கம்பெனி என்றேன். ‘அது தெரியும்ப்பா. கையால என்ன செய்வே? எதைத் தொடுவே? எதை மோந்து பார்ப்பே?’ என்றார். பதினோரு வருஷத்தில் எத்தனையோ மெடிக்கல் பார்த்திருக்கிறேன். எக்ஸ்ரே எடுத்தார்கள், காதில் பீப் சத்தம் போட்டார்கள், ஊது ஊது என்றார்கள். கையால் என்ன செய்கிறாய் என்று கேட்டவர் அவர் ஒருவர்தான். டேங்க், டேப், டிரம் எல்லாம் சொன்னேன். கவரால் என்கிற வேலை உடுப்பைத் துவைக்கும் கதையையும் சொன்னேன். கிரீஸ் பிடித்த கவராலை நாங்கள் கண்டன்சேட்டில் ஊறப்போடுவோம். வாயுவிலிருந்து பிரியும் தெளிந்த எண்ணெய், பார்க்கப் பெட்ரோல் மாதிரி இருக்கும், கறையை அப்படியே தின்றுவிடும். அதிலும் பென்சீன் தாராளமாக உண்டு. அதில் வெறுங்கையால் பிழிந்து, உலர்த்தி, மறுநாள் அதையே பன்னிரண்டு மணி நேரம் உடம்பில் போட்டிருப்போம்.

திருச்சியில் ரத்த நோய் டாக்டரிடம் அனுப்பினார். இடுப்பு எலும்பில் ஊசி போட்டு மஜ்ஜை எடுத்தார்கள். வலியை எழுதப் போவதில்லை. புற்றுநோய் இல்லை, ஆனால் மஜ்ஜையில் ரத்த அணுக்களை உண்டாக்கும் செல்கள் இருக்கவேண்டியதைவிடக் குறைவு என்று வந்தது. பென்சீனால்தானா என்று கேட்டேன். ‘இருக்கலாம். வேலைக்குப் போறதுக்கு முன்னாடி எடுத்த ரத்த ரிப்போர்ட் இருக்கா? வருஷா வருஷம் எடுத்தது?’ என்றார். இல்லை. கம்பெனி மெடிக்கலில் ஒவ்வொரு வருஷமும் ரத்தம் எடுத்தார்கள். எனக்குக் கொடுத்தது ‘ஃபிட்’ என்று ஒரே வார்த்தை உள்ள ஒரு சீட்டு. மெயில் போட்டுக் கேட்டேன். பழைய கான்ட்ராக்ட் முடிந்துவிட்டது, அந்த ஃபைல் எங்களிடம் இல்லை என்று பதில் வந்தது. சிறுநீரில் பார்க்க முடியுமா என்றேன். பென்சீன் உடம்பில் சிதைந்து சிறுநீரில் போகும் பொருளை அளக்கும் டெஸ்ட் இருக்கிறது, ஆனால் ஷிப்ட் முடிந்த கையோடு எடுக்கவேண்டும், ஊருக்கு வந்து ஒரு மாசம் கழித்து எடுத்தால் ஒன்றும் தெரியாது என்றார்.

வெளியே வந்து பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்திருந்தபோதுதான் அந்த நாற்பத்தெட்டு நாள் ஞாபகம் வந்தது. தலைவலி இல்லாத அந்த கார்த்திகை.

வேலையை விட்டு வந்தது 2018 மார்ச்சில். உடனே விட முடியவில்லை, கணக்கு முடிக்க நாலு மாசம் ஆனது. அந்த நாலு மாசமும் டேங்க் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டு கண்ட்ரோல் ரூமில் இருந்தேன். பிளேட்லெட் மெதுவாக ஏறியது. ஒரு வருஷத்தில் ஒரு லட்சத்து முப்பதாயிரம். இன்றைக்கும் அங்கேதான் நிற்கிறது. ஆறு மாசத்துக்கு ஒரு தடவை போய்க் கையை நீட்டுகிறேன்.

அங்கே இருந்தபோது தெரிந்திருந்தால் என்ன செய்திருப்பேன் என்று அடிக்கடி யோசிப்பேன். வேலையைத் தூக்கி எறிந்திருப்பேன் என்று சொன்னால் பொய். இரண்டு தங்கைகளுக்குக் கல்யாணம் பாக்கி. ஆனால் அங்கேயே இருந்துகொண்டு குறைத்திருக்கலாம். மூடியைத் திறந்ததும் குனியாமல், காற்று தோளுக்குப் பக்கவாட்டில் போகிற மாதிரி நின்று, எட்டி விலகி, ஆவி அடங்கும் வரை இருந்திருக்கலாம். காற்றுக்கு முதுகைக் காட்டி நின்றால் உடம்புக்கு முன்னால் ஆவி சுழன்று முகத்துக்கே வரும், இது பலருக்குத் தெரியாது. தனியாக ஏறாமல் கீழே ஓர் ஆளை நிறுத்தியிருக்கலாம். ஆட்டோமேட்டிக் கருவி ரிப்பேர் என்று ஒவ்வொரு தடவையும் எழுத்தில் போட்டிருந்தால் என்றைக்காவது சரி செய்திருப்பார்கள். வாயால் சொன்ன புகாருக்கு ஆயுசு ஒரு ஷிப்ட்தான்.

மாஸ்க் விஷயத்தில் நாங்கள் செய்த கூத்து தனி. தூசி மாஸ்க்கை மாட்டிக்கொண்டு டேங்க் மேல் ஏறுவோம். அது மணலை நிறுத்தும், ஆவியை நிறுத்தாது. ஆவிக்கு கார்பன் உள்ள கார்ட்ரிட்ஜ் வேண்டும். அதுவும் திறந்த நாளிலிருந்து நிரம்பிக்கொண்டே வரும். எங்களிடம் ஒரே கார்ட்ரிட்ஜ் ஆறு மாசம் ஓடியது, ஆணியில் தொங்கவிட்ட நேரத்திலும் அது பாட்டுக்கு வொர்க்‌ஷாப் காற்றைக் குடித்துக்கொண்டிருந்தது. பிராணவாயு குறைந்த இடத்திலோ எச்டூஎஸ் அதிகமான இடத்திலோ கார்ட்ரிட்ஜ் மாஸ்க் பிரயோஜனம் இல்லை, அங்கே சிலிண்டர் மட்டும்தான். தோல் கையுறையும் அப்படித்தான். எண்ணெயில் நனைந்து ஊறிய தோல் கையுறை, எண்ணெயைக் கையோடு சேர்த்துக் கட்டிவைத்த மாதிரி. வெறுங்கையாவது கழுவப்படும்.

கையைக் கழுவ டீசல் வேண்டியதில்லை என்பது எனக்கு மிகத் தாமதமாகத் தெரிந்தது. ஏதாவது ஒரு சமையல் எண்ணெயை ஊற்றித் தேய்த்தால் கச்சா இளகி வரும், துணியால் துடைத்துவிட்டுச் சோப்பு போட்டால் போதும். டீசல் தோலின் எண்ணெய்ப் பசையை எடுத்துவிட்டு விரல் கணுக்களில் வெடிப்பை உண்டாக்கும். எனக்கு இரண்டு கையும் பாம்பு சட்டை உரித்த மாதிரி உரிந்திருந்தது. வெடித்த தோல் வழியாக எதுவும் சுலபமாக உள்ளே போகும். அந்தக் கையோடு சிகரெட்டும் பிடித்தேன். சிகரெட் புகையிலும் பென்சீன் இருக்கிறது என்று ரத்த டாக்டர் சொன்னபோது வெட்கமாக இருந்தது. மீட்டரையும் கம்பெனியையும் குறை சொல்லிவிட்டு நானே காசு கொடுத்து வாங்கி இழுத்திருக்கிறேன்.

பழைய குழாய்களைச் சுத்தம் செய்கிறவர்களுக்கு ஒன்று. குழாயின் உள்ளே சுண்ணாம்பு மாதிரி படியும் படிவத்தில் சில இடங்களில் ரேடியம் இருக்கும். பூமிக்கடியிலிருந்து எண்ணெயோடு வரும் தண்ணீர் கொண்டுவந்து சேர்ப்பது. அதைக் காய்ந்த நிலையில் சுத்தியால் தட்டித் தூசி கிளப்பாதீர்கள், நனைத்துக்கொள்ளுங்கள், கதிர்வீச்சு அளக்கச் சொல்லிக் கேளுங்கள். இந்தத் தண்ணீர் எண்ணெயைவிடப் பல மடங்கு வரும். ஓமனின் நிம்ர் எண்ணெய் வயலில் அதை நாணல் காட்டுக்குள் ஓடவிட்டே சுத்தம் செய்கிறார்கள், பறவைகள்கூட வந்து இறங்கும். பாலைவனத்தில் பச்சை பார்க்க நான் அந்தப் பக்கம் ஒரு தடவை போயிருக்கிறேன்.

2018 நவம்பரில் கஜா புயல் வந்தது. எங்கள் தோப்பில் நூற்றுப்பத்துத் தென்னையில் பதினெட்டு நின்றது. மரங்கள் எல்லாம் ஒரே பக்கமாகச் சாய்ந்து கிடந்ததைப் பார்த்துவிட்டு அன்று சாயங்காலமே பழைய கம்பெனி நண்பனுக்குப் போன் போட்டேன். வா, இடம் இருக்கிறது என்றான். என் மனைவி பழைய ரிப்போர்ட் ஃபைலைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்துவிட்டுப் போய்விட்டாள். ஒன்றும் பேசவில்லை. இப்போது பட்டுக்கோட்டையில் மோட்டார் ரிப்பேர்க் கடை வைத்திருக்கிறேன்.

போன வருஷம் அக்கா மகன் வளைகுடாவுக்கு, அதே எண்ணெய் வயல் வேலைக்குக் கிளம்பினான். போகாதே என்று சொல்லும் தகுதி எனக்கு இல்லை, அக்கா வீடு கட்டப் பாதிக் காசு அப்படித்தான் வந்தது. கிளம்புவதற்கு முன் லேபுக்குக் கூட்டிப்போய் முழு ரத்தப் பரிசோதனை எடுத்தேன். ஏஜென்சி எடுத்த மெடிக்கல் இதற்கு உதவாது, அது அவன் வேலைக்கு லாயக்கா என்று பார்க்க எடுத்தது. வெள்ளணு, பிளேட்லெட், ஹீமோகுளோபின் எல்லாவற்றையும் தேதியோடு ஒரு நோட்டில் எழுதி, ரிப்போர்ட்டை ஃபோனிலும் மெயிலிலும் போட்டு வைத்தோம். ஆறு மாசத்துக்கு ஒரு தடவை எடுக்கச் சொல்லியிருக்கிறேன். கம்பெனி எடுத்தால் ‘ஃபிட்’ சீட்டு போதாது, நம்பர் உள்ள தாளைக் கையில் வாங்கு என்றேன். நம்பர் சராசரிக்குள் இருந்தாலும், போன தடவையைவிடத் தொடர்ந்து இறங்கிக்கொண்டே வந்தால் டாக்டரிடம் காட்டவேண்டும். எந்தத் தேதியில் எந்த டேங்க், என்ன வேலை, தலை சுற்றியதா என்று நோட்டின் பின்பக்கம் எழுதச் சொன்னேன். ‘டைரி எழுதச் சொல்றீங்களே மாமா, நான் என்ன பொம்பளைப் பிள்ளையா’ என்று சிரித்தான். அவன் அம்மாதான் தலையில் குட்டினாள்.

போய் இரண்டு வாரத்தில் வாய்ஸ் மெசேஜ் வந்தது. ‘மாமா, இங்கேயும் ஒரு டிரம் இருக்கு.’

அங்கே போகும் ஒரு பையனிடம் நம் தோப்புத் தேங்காய் எண்ணெய் இரண்டு லிட்டர் கொடுத்தனுப்பினேன். ஏசி ரூமில் உறைந்து கல்லாகிவிடுகிறது, வெயிலில் வைத்து இளக்கிக்கொள்கிறோம் என்றான். அவன் ரூமில் நாலு பேர் இப்போது அதில்தான் கை கழுவுகிறார்கள். சிங்க் அடைத்துக்கொள்கிறது என்று கேம்ப் பாஸ் தினமும் சத்தம் போடுகிறாராம். முதலில் துணியால் துடைத்துவிட்டு அப்புறம் கழுவச் சொல் என்று பதில் அனுப்பியிருக்கிறேன்.